வாசகர் கேள்வி – பொறியாளர் பதில்: தலை திரும்பினாலும் பலகை நகரக் கூடாது

சென்ற இதழில் ஏ.ஆர். (எதிரே இருக்கும் காட்சியின் மேல் படங்களைச் சேர்த்துக் காட்டுவது), வி.ஆர். (முழுக்கக் கணினி வரைந்த உலகைக் காட்டுவது) கருவிகளின் இயங்குதளங்களைப் பற்றி எழுதியிருந்தேன். தலையில் மாட்டிக்கொள்ளும் இந்தக் கருவியைத்தான் ஹெட்செட் என்கிறோம். அதைப் படித்துவிட்டுக் குமரி மாவட்டத்திலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. கண்முன் மிதக்கும் பலகைகளையும் பொத்தான்களையும் வரைந்து தருகிற இடைமுகக் கட்டமைப்பை, அதாவது யு.ஐ. ஃபிரேம்வொர்க்கைச் சுற்றியே பெரும்பாலான கேள்விகள் அமைந்திருப்பதால், இந்த முறை பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கைபேசிக்குச் செயலி எழுதிப் பழகியவன் நான். ஹெட்செட்டில் தெரிவதும் அதே சன்னல்தானே? அந்தரத்தில் நிற்கிறது என்பதைத் தவிர வேறென்ன இருக்கிறது? இதற்கென்று தனி ஃபிரேம்வொர்க் எதற்கு?
— பொறியியல் இறுதியாண்டு மாணவர், மார்த்தாண்டம்

‘அந்தரத்தில் நிற்கிறது’ என்று நீங்கள் ஒரே மூச்சில் கடந்துபோன அந்த இடத்தில்தான் முழு வேலையும் இருக்கிறது, தம்பி. கைபேசியில் திரை கையில் இருக்கிறது, படம் திரையில் இருக்கிறது, அதோடு முடிந்தது. ஹெட்செட்டின் திரையோ உங்கள் தலையோடு சேர்ந்து திரும்புகிறது. சுவரில் மாட்டிய பலகை சுவரிலேயே இருப்பதாகத் தோன்ற வேண்டுமானால், தலை வலப்பக்கம் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு படத்தை இடப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். 1968இல் ஐவன் சதர்லாந்து கூரையிலிருந்து தொங்கவிட்ட முதல் தலைத்திரைக் கருவியிலிருந்து இன்றைய கருவிகள் வரை இந்த அடிப்படை மாறவில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். யாரோ கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறோமே, அப்போது தலை நொடிக்கு 100 டிகிரி வேகத்தை எளிதாக எட்டிவிடும். தலை அசைந்த கணத்துக்கும் படம் மாறும் கணத்துக்கும் நடுவே 20 மில்லி நொடி தாமதம் இருந்தால், பலகை 2 டிகிரி தள்ளித் தெரியும். 1 மீட்டர் தொலைவில் இருக்கும் பலகைக்கு அது ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர், அதாவது இரண்டு விரல் அகலம். சுவரில் இருக்க வேண்டிய பலகை ஒவ்வொரு முறை திரும்பும்போதும் இரண்டு விரல் வழுக்கி மீண்டும் இடத்துக்கு வந்தால், யாராலும் அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கண் ஒன்று சொல்ல, உள்காது வேறொன்று சொல்ல, குமட்டல் வந்துவிடும். நொடிக்கு 90 முறை படம் மாறும் கருவியில் இரண்டு கண்களுக்குமான படங்களை வரைந்து முடிக்கக் கிடைப்பது 11 மில்லி நொடிதான். கைபேசிச் செயலி ஒரு ஃபிரேமை, அதாவது இப்படி மாறும் படங்களில் ஒன்றை, தவறவிட்டால் பக்கம் சற்றுத் திக்கி நகரும். இங்கே தவறவிட்டால் அதைப் பயன்படுத்துகிறவரின் உடம்பு அதற்கு விலை கொடுக்கிறது.

அதனால்தான் இந்த இயங்குதளங்களில் கடைசிப் படத்தை வரையும் உரிமை செயலியிடம் விடப்படுவதில்லை. செயலி கொடுத்த படத்தை எடுத்து, திரைக்கு அனுப்பும் கடைசி நொடியில் தலை இருக்கும் நிலைக்கு ஏற்ப அதைத் திருத்தி வரைகிற கம்பாசிட்டர் என்ற பகுதி இயங்குதளத்தின் உள்ளே இருக்கிறது. நீங்கள் உங்கள் பலகையை மொத்தக் காட்சியோடு கலந்து வரைந்து கொடுக்காமல் தனி அடுக்காகக் கொடுத்தால், கம்பாசிட்டர் அதை நேரடியாக இறுதிப் படத்தில் பதிக்கும். எழுத்து இரண்டு முறை மறுபடி வரையப்பட்டு மங்காமல் கூர்மையாக நிற்கும். பல நிறுவனங்களின் கருவிகளுக்கும் பொதுவான ஓப்பன்எக்ஸ்ஆர் தரத்தில் இதற்கென்றே ‘குவாட் லேயர்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. 2024 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் ப்ரோ ஹெட்செட் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பல செயலிகள் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்ளும் நிலையில், செயலி தானாக எதையும் வரைவதே இல்லை; ‘இங்கே ஒரு பலகை, அதில் இந்த உரை, இந்தப் பொத்தான்’ என்று ஆப்பிளின் ஸ்விஃப்ட்யுஐ என்ற இடைமுகக் கட்டமைப்பின் வழியாக விவரித்துக் கொடுக்கிறது, வரைவது முழுக்க இயங்குதளத்தின் வேலை. 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட கூகுளின் ஆண்ட்ராய்டு எக்ஸ்ஆர் இயங்குதளமும், ஆண்ட்ராய்டு இடைமுகங்களை எழுதப் பயன்படும் கம்போஸ் கருவித்தொகுதியை விரித்து இதே வழியில் வந்திருக்கிறது. ‘எப்படி வரைவது’ என்று எழுதிப் பழகிய கையை ‘என்ன வேண்டும்’ என்று எழுதப் பழக்குவதுதான் நீங்கள் செய்ய வேண்டிய முதல் மாற்றம்.

மற்றவை சின்னச் சின்ன மாற்றங்கள். பிக்சலை மறந்துவிட்டு மீட்டரில் யோசிக்க வேண்டும். பார்வைக் கோணம் மாறாமல் இருக்க, 1 மீட்டர் தொலைவில் 1 மில்லிமீட்டர் என்பதை ஓர் அலகாக வைத்துக்கொள்ளும் ‘டிஎம்எம்’ முறையைப் பழகிக்கொள்ளுங்கள். 1 மீட்டரில் 24 மி.மீ. உயர எழுத்து, 3 மீட்டர் தள்ளிப் போனால் 72 மி.மீ. ஆக வேண்டும் என்பது அதில் தானாகவே கிடைத்துவிடும். இன்னொன்று, ஒரே ஒரு சுட்டியோ ஒரே ஒரு விரலோதான் வரும் என்று நம்பி நிரல் எழுதாதீர்கள். இரண்டு கைகள், பார்வை, குரல் எல்லாம் ஒரே நேரத்தில் வரும்.

நாகர்கோவிலில் சிறு நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். வி.ஆர். பயிற்சிச் செயலி ஒன்றில் தமிழ்ப் பலகை வைத்தோம். எழுத்துருவைச் சரியாகத்தான் சேர்த்தோம். ஆனாலும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. எழுத்துருவை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. எங்கே தவறு?
— மென்பொருள் பொறியாளர், நாகர்கோவில்

உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. நம் மாவட்டக் கல்லூரி ஒன்றில் பயிற்சி வகுப்புக்காக ஒரு பேருந்து நிலையத்தை வி.ஆரில் அமைத்து, நடைமேடைகளின் மேல் ஊர்ப் பெயர்ப் பலகைகளை மாட்டியிருந்தோம். முதல் பலகை ‘கொட்டாரம்’. ஹெட்செட்டை மாட்டிப் பார்த்த மாணவி ஒருத்தி, “சார், இதை வாசிக்கவே முடியல” என்றாள். வாங்கி மாட்டிப் பார்த்தேன். முதலில் ஒரு தனி ‘க’, அதற்குப் பின்னால் கொம்பு, நடுவே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம், பிறகு கால். அடுத்த பலகையில் ‘குழித்துறை’யின் ‘கு’ ஒரே எழுத்தாகச் சேராமல் ‘க’ தனியாகவும் உகரக் குறி தனியாகவும் ஒட்டாமல் கிடந்தன. ‘றை’யின் ஐகாரக் குறி றகரத்துக்குப் பின்னால் போயிருந்தது. நம் ஊர்ப் பெயரை நம் மாணவர்கள் படிக்க முடியாத நிலையில் பார்த்தது எனக்கு உண்மையாகவே வலித்தது.

தவறு எழுத்துருவில் இல்லை. எழுத்துகளுக்கு எண் கொடுத்துச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ‘கொ’ என்பது இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது: முதலில் ‘க’, பிறகு ஒகரக் குறி. நாம் உச்சரிக்கும் வரிசை அது. ஆனால் கண்ணுக்குத் தெரிய வேண்டியது கொம்பு, ககரம், கால் என்ற வரிசை. ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை முன்னே கொண்டுபோய், மறு பாதியைப் பின்னே நிறுத்துவது எழுத்துருவின் வேலை அன்று. ‘ஷேப்பிங்’ எனப்படும் எழுத்து வடிவமைப்புப் பொறியின் வேலை. ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஹார்ஃபஸ் என்ற திறமூல நூலகம் இதைச் சத்தமில்லாமல் செய்து தருவதால், கைபேசிச் செயலி எழுதுகிறவருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. முப்பரிமாண விளையாட்டுப் பொறிகளின் வழியாக வி.ஆருக்குள் நுழைகிறவர்களுக்கோ இது முதல் நாளே முகத்தில் அடிக்கிறது; அவற்றுள் ஒன்றான யூனிட்டியில் பெரும்பாலோர் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ என்ற உரைக் கருவி இந்திய எழுத்துகளுக்கான ஷேப்பிங்கைத் தானாகச் செய்வதில்லை.

இதன் அடியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வி.ஆரில் ஒரு பலகையை எந்தத் தொலைவிலிருந்தும் எந்தக் கோணத்திலிருந்தும் பார்க்கலாம் என்பதால், எழுத்துகளைச் சாதாரணப் படமாக வைக்காமல், ஒவ்வொரு புள்ளியும் எழுத்தின் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கணக்காகச் சேமித்து வைக்கிறார்கள். நல்ல முறை. ஆனால் பல கருவிகள் அந்தச் சேமிப்பை யூனிகோடு எண்களின்படி அடுக்குகின்றன. ‘கு’, ‘டி’ போன்ற கூட்டு வடிவங்களுக்கு யூனிகோடில் தனி எண் கிடையாது. அவை எழுத்துருவுக்குள்ளேயே ‘கிளிஃப்’ எண்ணாக, அதாவது வரைந்த வடிவத்தின் எண்ணாக, மட்டும் இருப்பவை. எனவே ஷேப்பிங் பொறியைச் சேர்த்த பிறகும், சேமிப்பைக் கிளிஃப் எண்களின்படி மாற்றாவிட்டால் ‘குமரி’ வராது.

நீங்கள் செய்யக் கூடாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். யூனிகோடு உரையைப் பழைய பாமினி போன்ற குறியாக்கத்துக்கு மாற்றி, அதற்கான எழுத்துருவைக் கொண்டு காட்டும் குறுக்கு வழியைப் பலர் சொல்லித் தருவார்கள். பலகை அழகாகத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது தமிழாக இருக்காது. தேடினால் கிடைக்காது, நகலெடுத்தால் குப்பை வரும், பார்வையற்றவருக்கு உரையைப் படித்துச் சொல்லும் கருவி எதையோ உளறும். நாங்கள் அன்று வேறொரு வழியில் போனோம்: ஆண்ட்ராய்டின் சொந்த உரைக் கருவியால் பெயரை ஒரு படமாக வரைந்து, அந்தப் படத்தைப் பலகையில் ஒட்டினோம். எழுத்து சரியாக வந்தது. ஆனால் பக்கத்தில் போனால் மங்கியது, படத்தைப் பெரிதாக்கினால் நினைவகம் நிறைந்தது. எனவே ஷேப்பிங் உள்ளேயே இருக்கும் பொறிக்கு மாறுவதுதான் சரி. 2023இல் வெளிவந்த கோடோ 4 என்ற விளையாட்டுப் பொறியில் ஹார்ஃபஸும் ஓப்பன்எக்ஸ்ஆரும் சேர்ந்தே வருகின்றன. அன்ரியல் என்ற பொறியின் இடைமுகப் பகுதியிலும் ஹார்ஃபஸ் இருக்கிறது. யூனிட்டியை விட முடியாத நிலை என்றால், ஹார்ஃபஸை நீங்களே இணைத்துக் கிளிஃப் எண்களின்படி வரையுங்கள். ஒரு மாத வேலை, ஆனால் ஒரு முறை செய்தால் போதும்.

எழுத்தின் அளவையும் கவனியுங்கள். மெட்டாவின் குவெஸ்ட் 3 ஹெட்செட் போன்ற கருவியில் பார்வையின் 1 டிகிரிக்கு ஏறக்குறைய 25 பிக்சல்கள்தான் கிடைக்கின்றன. கூர்மையான மனிதக் கண் பிரித்தறியக்கூடியது ஏறக்குறைய 60. ஆங்கிலத்தின் ‘எல்’ எழுத்துக்கு ஒரு கோடு போதும். நம் ‘ஞ’வையும் ‘ணை’யையும் அதே உயரத்துக்குள் அடைத்தால், சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புப் புள்ளியாகிவிடும். ஆங்கில வடிவமைப்பு ஆவணத்தில் கொடுத்திருக்கும் எழுத்தளவைவிட மூன்றில் ஒரு பங்காவது கூட்டி வைப்பது என் வழக்கம். மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் வருவதால் வரிகளுக்கு இடையிலும் இடம் கூடுதலாக வேண்டும். ‘செட்டிங்ஸ்’ என்ற சொல்லுக்கு அளந்து தைத்த பொத்தானில் ‘அமைப்புகள்’ கொள்ளாது. பொத்தான் உரைக்கேற்ப வளர வேண்டுமே தவிர, உரையை வெட்டக் கூடாது. தமிழை அடித்தளத்திலேயே வைத்து யோசிக்காத எந்த இடைமுகக் கட்டமைப்பையும் முழுமையானது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பத்மநாபபுரம் அரண்மனையைச் சுற்றிப் பார்ப்பவர்களுக்கு, ஒவ்வொரு மண்டபத்திலும் விளக்கக் குறிப்புகள் மிதந்து தெரியும்படி ஏ.ஆர். செயலி ஒன்றைப் புராஜெக்டாகச் செய்ய நினைக்கிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
— கல்லூரி மாணவிகள் நால்வர், தக்கலை

அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் அதன் பராமரிப்பு கேரள அரசின் தொல்லியல் துறையிடம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அனுமதி வாங்குவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். அது கிடைக்கும் வரை கல்லூரியிலேயே ஓர் அறையை அரண்மனையாக வைத்துப் பழகலாம்.

ஏ.ஆர். கருவி தான் நிற்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதை நினைத்தால், அந்த அரண்மனை எவ்வளவு கடினமான களம் என்பது புரியும். கேமரா படத்திலுள்ள மூலைகளையும் விளிம்புகளையும் பொறுக்கியெடுத்து, ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் அவை எவ்வளவு நகர்ந்தன என்பதிலிருந்து அது தன் இடத்தைக் கணக்கிடுகிறது. உள்ளறைகளில் வெளிச்சம் குறைவு. வெளிச்சம் குறைந்தால் கேமரா நீண்ட நேரம் திறந்திருக்கும், படம் இழுபடும், மூலைகள் கரையும். வழுவழுப்பான கருந்தரை கூரையைக் கண்ணாடிபோல் காட்டுகிறது; அந்தப் பிம்பம் நீங்கள் நகரும்போது தரையோடு சேராமல் தன் போக்கில் நகர்வதால், தரைக்கு அடியில் இன்னொரு கூரை இருப்பதாகக் கருவி நம்பிவிடக்கூடும். ஒரே மாதிரியான தூண்கள் வரிசையாக நின்றால் எந்தத் தூணின் முன் நிற்கிறோம் என்பதும் குழம்பும். மாறாக, அரண்மனையின் முகப்பான பூமுகத்தின் செதுக்கிய மரக்கூரை, வெளிச்சம் விழும் வேளையில், கருவிக்குப் பெருவிருந்து. எனவே குறிப்புகளைத் தரையில் நங்கூரமிடாதீர்கள். சித்திர வேலை நிறைந்த சுவரிலோ கூரை ஓரத்திலோ நங்கூரமிடுங்கள்.

குறிப்பை வேலைப்பாட்டின் மேல் வைக்காமல் பக்கத்தில் நிறுத்தி, மெல்லிய கோடு ஒன்றால் இணையுங்கள். வந்தவர் பார்க்க வந்தது அந்தத் தச்சனின் கையைத்தான். அடுத்ததாக, நடக்கும்போது எல்லாக் குறிப்புகளும் மறைந்துவிட வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தாழ்வான வாசல்களும் செங்குத்தான மரப்படிகளும் இருக்கின்றன. மிதக்கும் எழுத்தைப் படித்துக்கொண்டே படியிறங்குகிற முதியவரைக் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். தலை நகரும் வேகத்தை இயங்குதளம் ஒவ்வொரு ஃபிரேமிலும் தருகிறது. அதை வைத்து இந்த விதியை எழுத ஒரு மாலை நேரம் போதும்.

ஒளி ஊடுருவும் கண்ணாடி வகைக் கருவி உங்களுக்குக் கிடைத்தால், அதனால் கறுப்பைக் காட்ட முடியாது என்பதை நினைவில் வையுங்கள். ஒளியைக் கூட்டத்தான் அதற்குத் தெரியும். கறுப்பு என்றால் அங்கே எதுவுமே தெரியாது.

பார்வையை வைத்தே பொத்தானைத் தேர்ந்தெடுக்கும் கருவிகள் வந்துவிட்டன என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் நான் எதை, எவ்வளவு நேரம் பார்க்கிறேன் என்பதெல்லாம் செயலி நடத்துகிறவருக்குத் தெரிந்துவிடாதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், குழித்துறை

மிகச் சரியான கவலை, ஐயா. ஒருவர் எதில் பார்வையை நிறுத்துகிறார் என்பது அவர் வாய்விட்டுச் சொல்லாத பலவற்றைச் சொல்லிவிடும். விலைப்பட்டியலில் எந்த எண்ணில் கண் தயங்கியது என்பதையும் அது காட்டிக்கொடுக்கும்.

இதற்கு இயங்குதளத்தைக் கட்டுகிறவர்கள் கண்டுபிடித்த விடை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. விஷன் ப்ரோவில், நீங்கள் பார்க்கும் பொத்தான் இலேசாக ஒளிர்கிறது அல்லவா? அந்த ஒளிர்வை வரைவது செயலி அன்று. செயலிக்கு வெளியே, இயங்குதளத்தின் தனிப் பகுதி வரைகிறது. பார்த்தால் எப்படி ஒளிர வேண்டும் என்பதைச் செயலி முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் எப்போது ஒளிர்ந்தது என்பது அதற்குத் தெரிவதில்லை. நீங்கள் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கிள்ளும் கணத்தில் மட்டும் ‘இந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது’ என்ற செய்தி செயலிக்குப் போகிறது. அதுவரை உங்கள் கண் எங்கெங்கே அலைந்தது என்பது கருவிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. முதல் கேள்விக்குச் சொன்ன விவரித்துக் கொடுக்கும் முறை இல்லாமல் இந்தக் காவல் முடியாது. எல்லாவற்றையும் செயலியே வரைந்தால், எதை ஒளிரச் செய்வது என்று அதற்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எல்லாக் கருவிகளிலும் இதே ஏற்பாடு என்று எண்ணிவிட வேண்டாம். அனுமதி கேட்டுப் பெற்றுப் பார்வைத் தகவலைச் செயலிக்கே கொடுக்கும் தளங்களும் உண்டு. அப்படி ஒரு அனுமதிக் கேள்வி வந்தால், அந்தச் செயலிக்கு அது எதற்குத் தேவை என்று விளங்காத வரை ‘வேண்டாம்’ என்றே சொல்லுங்கள்.

விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் ஹெட்செட்டை மாட்டிப் பார்த்தேன். பலகைகள் எல்லாம் தானாக ஒரு பக்கமாகச் சரிந்து போயின. கருவி பழுதா?
— வாசகர், குளச்சல்

பழுது இல்லை. கருவிக்குள் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. கேமரா, படகின் இருக்கைகளையும் கம்பிகளையும் பார்த்து ‘நாம் அசையவே இல்லை’ என்கிறது. அசைவை உணரும் சென்சார், அலையில் படகு ஆடுவதை உணர்ந்து ‘நாம் ஆடிக்கொண்டிருக்கிறோம்’ என்கிறது. இரண்டையும் ஒன்றுசேர்க்க முயலும் கணக்கு நழுவி, பலகை நகர்ந்துவிடுகிறது. பயணத்துக்கென்று தனி முறை சில கருவிகளில் இருக்கிறது, அதை இயக்கினால் ஓரளவு சரியாகும். ஆனால் படகில் உங்கள் கண்ணுக்கு வெளிக்காட்சிதான் வேண்டும், மாட்டாமலிருப்பதே நல்லது. கரையில் இறங்கிய பிறகும் ஹெட்செட்டைக் கவிழ்த்தே வையுங்கள். அதன் லென்ஸில் கடற்கரை வெயில் நேராக விழுந்தால் உள்ளிருக்கும் திரை எரிந்து புள்ளி விழும். அதைத் திருத்தவே முடியாது.

மகள் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்தத் துறையில் போக ஆசைப்படுகிறாள். ஹெட்செட் வாங்கித் தர எங்களால் இயலாது. அது இல்லாமல் கற்க முடியுமா?
— பூ வியாபாரி, தோவாளை

முடியும், அண்ணாச்சி. தொடக்க வேலையில் பெரும்பகுதிக்குச் சாதாரணக் கணினியே போதும். ஆண்ட்ராய்டு எக்ஸ்ஆருக்கான எமுலேட்டர், அதாவது கருவியைக் கணினித் திரையிலேயே பாவித்துக் காட்டும் மென்பொருள், ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவோடு இலவசமாகக் கிடைக்கிறது; உலாவியில் ஓடும் வெப்எக்ஸ்ஆருக்கு, ஹெட்செட் இருப்பதுபோலவே பாவித்துக் காட்டும் நீட்சி உண்டு. லினக்ஸில் மொனாடோ என்ற திறமூல ஓப்பன்எக்ஸ்ஆர் மென்பொருளை நிறுவினால், கருவியே இல்லாமல் அதன் உள்வேலைகளை வரி வரியாகப் படிக்கலாம். நிறுவனங்களின் சொந்தக் கருவித்தொகுதி எதிலும் முழுக்கச் சாய்ந்துவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். கூகுளின் டேட்ரீமும் மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸும் வந்து நின்றுபோனதை நாம் பார்த்தோம். 2019இல் வெளியான ஓப்பன்எக்ஸ்ஆர் போன்ற பொதுத் தரத்தையும், கொஞ்சம் நேரியல் இயற்கணிதத்தையும் கற்றவருக்கு எந்தக் கருவி வந்தாலும் போனாலும் கவலையில்லை.

முதல் பயிற்சியாக இதைச் செய்யச் சொல்லுங்கள். உலாவியில் ஒரு வெற்றறை அமைத்து, 1 மீட்டர், 2 மீட்டர், 4 மீட்டர் தொலைவுகளில் மூன்று பலகைகளை நிறுத்தி, மூன்றிலும் ‘தோவாளை பூச்சந்தை’ என்று எழுதட்டும். மூன்றும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிய எழுத்தின் உயரத்தைத் தானே கணக்கிடட்டும். ஓகாரக் கொம்பு இடம் மாறாமல் வருகிறதா, ‘பூ’ ஒரே எழுத்தாகச் சேர்கிறதா என்று பார்க்கட்டும். வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று எனக்கு அவளே எழுதட்டும். அடுத்த இதழில் அந்தக் கடிதத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன்.